படகில் வைத்த பூச்செடி

படகின் அடியில் ஓட்டை போட்டது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏரிச் சங்கத்து ஆட்களைக் கேட்டால், "எல்லாரும் சேர்ந்துதாம்மா செஞ்சோம்" என்கிறார்கள். ஒரு டிரில் மெஷினை எல்லாரும் சேர்ந்து எப்படிப் பிடிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மரக்கன்று நட்டால் நட்டவர் பெயரை எழுதிக் கம்பத்தில் மாட்டுகிறார்கள். இதற்கு மட்டும் எல்லாரும்.

நான் தையல்காரி. ஏரிக்குப் போகிற சந்தில் கடைசிக்கு முந்தின கடை என்னுடையது. எதிர்வீடு வலைக்காரர் வீடு. மெஷினில் உட்கார்ந்தால் அவர்கள் வாசற்படி நேராகத் தெரியும். அவர்கள் வீட்டுச் சிரிப்பு, சண்டை, மீன் நாற்றம் எல்லாவற்றிலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று காலையில் வலைக்காரர் திரும்பி வந்ததையும் நான்தான் முதலில் பார்த்தேன்.

அன்று அவர் மறுபடி ஏரியில் இறங்குகிற முதல் நாள். வருஷத்தில் இரண்டு மாதம் மீன் முட்டை வைக்கும். அந்த இரண்டு மாதமும் அவர் வலை போட மாட்டார். அவர் அப்பாவும் போட்டதில்லை. காரணம் கேட்டால், "வயித்துல முட்டையோட பிடிச்சுட்டா அப்புறம் எதைப் பிடிக்கறது?" என்பார். அவருடைய சொற்பொழிவு அவ்வளவுதான். படகைக் கரையில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, துடுப்பையும் வலையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விடுவார். அந்த மாதங்களில் அவருக்கு இடுப்பு வலி, எரிச்சல், வாயில் நல்ல வார்த்தை கிடையாது. முட்டை மாசம் முடிந்து துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்புகிற அன்றைக்குத்தான் மனிதர் முகத்தில் பழைய சிரிப்பு வரும்.

அன்றும் சிரித்துக்கொண்டுதான் போனார். நான் கடையைப் பெருக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். துடுப்பு நனையவே இல்லை.

"என்ன அண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"படகுல பூப் பூத்திருக்கு, தங்கச்சி" என்றார்.

கேலி பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். காலைக் கழுவினார். வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே இருந்து அவர் மனைவி டீயோடு வந்தாள். அவளை எங்கள் தெருவில் நெட்டையக்கா என்போம். நிலைப்படியில் குனியாமல் நுழைந்தால் நெற்றியில் இடித்துக்கொள்கிற உயரம். அவள் நீட்டிய டம்ளரை அவர் வாங்கவில்லை.

"உங்க ஆளுங்க வேலை. போய்ப் பாரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். படகுத்துறை சந்தின் முடிவில், மூங்கில் புதரைத் தாண்டி இருக்கிறது. படகை நிமிர்த்திச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். வெளியே நீலமும் மஞ்சளுமாகப் பெயிண்ட். உள்ளே விளிம்பு வரைக்கும் மண். மண்ணில் சிவப்பு, வெள்ளை, ஊதா என்று வரிசை வரிசையாகப் பூச்செடி. முன்னால் ஒரு பலகை: 'தொடாதீர்கள். படம் எடுத்துக்கொள்ளலாம்.' யாரோ காலையிலேயே தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். படகின் அடியில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நெட்டையக்கா மண்டியிட்டு அடியில் தலையை விட்டாள். ஒரு ஓட்டையில் சுண்டுவிரலை நுழைத்தாள். முழுசாக நுழைந்தது.

"அடிப்பலகையிலடி" என்றாள். "அடிப்பலகையில போய்..."

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல செடிகள், அதையும் சொல்லியாக வேண்டும். செடி என்ன பாவம் செய்தது?

சங்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது ஏரி ஏரியாகவே இல்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. வலைக்காரர் படகைத் தள்ள வேண்டுமென்றால் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டு போவார். அப்போதுதான் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவரும், பள்ளிக்கூட டீச்சர் ஒருவரும், இன்னும் சிலரும் சேர்ந்து 'ஏரியைக் காப்போம், உள்ளூர் மக்களே வாருங்கள்' என்று தெருத்தெருவாக வந்து கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். டீ குடித்துவிட்டுப் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டோம். நெட்டையக்கா தண்ணீரில் இறங்கினாள்.

அந்தக் களையைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே பார்த்தால் இலை. இழுத்தால் ஆள் நீளத்துக்கு வேர். தண்ணீரில் லேசாக வரும். கரைக்கு ஏற்றும்போது ஈரத்தோடு கல்லாய்க் கனக்கும். மார்பளவு தண்ணீரில் நின்று இழுத்து, கரையில் குவித்து, காய்ந்ததும் வண்டியில் ஏற்ற வேண்டும். அட்டை கடிக்கும். மேலெல்லாம் அரிக்கும். நெட்டையக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனாள். தான் போனதுமில்லாமல் எங்கள் தெருப் பெண்களையும் இழுத்துக்கொண்டு போனாள். "தண்ணி நல்லா இருந்தா நமக்குத்தானேடி" என்பாள். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. ஒருநாள் பார்த்தால் ஏரியில் வானம் தெரிந்தது.

தண்ணீர் தெரிந்ததும் பறவை வந்தது. பறவை வந்ததும் கேமரா வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடை என்று ஆரம்பித்தார்கள். காலையில் ஒரு கூட்டம் கரையைச் சுற்றி நடக்கும்; நான்கைந்து இடத்தில் நிற்கும்; அங்கே இருப்பதைப் பற்றி ஒருவர் பேசுவார். முதலில் மேனேஜர் பேசினார். எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டியதால் நெட்டையக்காவைப் பேசச் சொன்னார்கள். நீர்க்காக்கை தன் குஞ்சைத் திட்டுவது எப்படி என்று அவள் செய்து காட்டினாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அன்றிலிருந்து நடையை நடத்துவது அவள்தான். தொண்டர்களுக்கான பச்சைத் தொப்பிகளை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

நடைக்கு விதிகள் உண்டு. மேனேஜர் எழுதியவை. நடத்துகிறவரை யாரும் முந்தக் கூடாது. நடத்துகிறவர் நில் என்றால் நிற்க வேண்டும், செய் என்றால் செய்ய வேண்டும். கடைசியாக ஒருவர் வருவார், அவருக்கு வால் என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. வழியில் கையில் எடுத்ததை வழியில் போடக் கூடாது, கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். நெட்டையக்கா ஒவ்வொரு நடையிலும் இதை மேனேஜர் குரலிலேயே ஒப்பிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள்தான் படகில் மண்ணைப் போட்டார்கள். என் கோபமே அதுதான். முகம் தெரியாதவன் செய்திருந்தால் கெட்டவன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

அன்று மத்தியானமே நானும் அவளும் சங்கத்துக்குப் போனோம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தரையில் திறப்பு விழாவுக்கான புதுப் பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன. மேனேஜரும் டீச்சரும் இருந்தார்கள்.

"உக்காருங்கம்மா. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார் மேனேஜர்.

"நான் உக்கார வரல சார். யாரைக் கேட்டுப் படகை எடுத்தீங்க?"

"அது... உங்க வீட்டுதா?" மேனேஜருக்கு நிஜமாகவே தெரியவில்லை, முகத்தில் தெரிந்தது. அவர் நடை தொடங்குகிற நேரத்தில் வலைக்காரர் மீனை விற்றுவிட்டுக் குளித்துக்கொண்டிருப்பார்.

"ஏரியில இருக்கற ஒரே படகு சார் அது. எத்தனை நடையில சொல்லியிருக்கேன், எங்க வீட்டுக்காரர் படகுல போறவருன்னு? கேட்டுச் சிரிச்சீங்களே!"

"சொன்னீங்க. ஆனா ரெண்டு மாசமா அது கவுந்தே கிடந்துது. மேல கொடி ஏறியிருந்துது. கைவிட்ட பொருளுக்குன்னு ஒரு முறை வச்சிருக்கோம்மா. கரையில கிடக்கறதுல சிவப்புப் பெயிண்ட்ல ஒரு குறி போடுவோம். நாலு வாரம் யாரும் அசைக்கலைன்னா அது குப்பைன்னு அர்த்தம். கமிட்டி தீர்மானம்."

நெட்டையக்கா மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் குறிக்கு இதுவா சார் அர்த்தம்?"

"ஆமா. கமிட்டியில எல்லாருக்கும் சொன்னோமே."

"நான் கமிட்டியில இருக்கேனா?"

மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க தொண்டர்மா" என்றார் மேனேஜர். "களத்துல எங்களுக்குக் கை மாதிரி."

"கைக்குக் காது கிடையாதா சார்?"

டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்மா கோவப்படறீங்க? பாழாக் கிடந்த பொருளுக்கு நாங்க ஒரு உயிர் குடுத்திருக்கோம். போன ஞாயித்துக்கிழமை செடி வச்சப்பன்னு பாத்து நீங்க உங்க தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டீங்க. இருந்திருந்தா நீங்களே ஆசையா நட்டிருப்பீங்க."

"உயிர் குடுக்கறதுக்கு அடியில ஓட்டை எதுக்கு டீச்சர்?"

"தண்ணி தேங்கினா வேர் அழுகிடுமே."

நெட்டையக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா? வேர் அழுகக் கூடாதுன்னு படகுல ஓட்டை போட்டிருக்காங்க." சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மேனேஜர் குரலைத் தணித்தார். நல்லது சொல்கிறவர் குரல். "உள்ளதைச் சொல்றேன். இது ஒருவகையில நல்லதுக்குத்தான். இனிமே ஏரியில படகே வேண்டாம்னு கமிட்டியில ஒரு பேச்சு இருக்கு. பறவைங்க மிரளுது. உங்க வீட்டுக்காரருக்கு ஏரி வாசல்ல காவல் வேலை பாத்துத் தரலாம். அந்தப் பலகையில, 'படகு நன்கொடை'ன்னு போட்டு அவர் பேரையும் எழுதிடலாம். என்ன சொல்றீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எடுத்துக்கொண்டவர்களே நன்கொடை என்று எழுதித் தருகிறார்களாம்! ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். நெட்டையக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஞாயித்துக்கிழமை இந்தப் பூப்படகு திறப்பு விழாவுல பெரிய அதிகாரியம்மா வர்றாங்க" என்றார் மேனேஜர். "நடையை நீங்கதான் நடத்தணும். உங்களை மாதிரி பேச இங்க ஆள் இல்லை. படகு விஷயத்தை அப்புறம் நிதானமாப் பேசிக்கலாம்."

"நடத்தறேன் சார்" என்றாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ரோஷமே இல்லையாக்கா? செருப்பைக் கழட்டி மேஜையில வச்சுட்டு வராம, நடத்தறேன்கிறே?"

"கத்தாதே. அந்தக் குறியைப் பாத்துட்டு வந்து அவர் என்கிட்ட கேட்டாருடி." அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "'உங்க ஆளுங்க படகுல என்னமோ சிவப்பா போட்டிருக்காங்களே'ன்னு கேட்டாரு. கணக்கு எடுக்கறாங்களா இருக்கும், விடுங்கன்னு சொன்னேன். எவ்வளவு பெருமையாச் சொன்னேன் தெரியுமா? எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி."

வெயில் மண்டையைப் பிளந்தது. நடந்து வீட்டுக்கு வந்தோம்.

அந்த வாரம் எதிர்வீட்டில் சத்தமே இல்லை. வலைக்காரர் மறுபடி மூட்டை தூக்கப் போனார். இருட்டோடு போவார், இருட்டினால் வருவார். அவள் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போவாள்; அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் தட்டு கழுவி நான் பார்த்ததில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிலைப்படியில் நிற்பாள். கையோங்கி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது அவளுக்கு. முன்பெல்லாம் இந்நேரம் வாசலில் உட்கார்ந்து அவள் மீன் செதிலைச் சீவுவாள், அவர் வலையில் கிழிசல் தைப்பார், இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது வலை சுவரில் தொங்கியது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை ராத்திரி வலைக்காரர் கிழிந்த சட்டையோடு என் கடைக்கு வந்தார். மூட்டை உரசி, தோள் பக்கம் நூலாகிக் கிடந்தது.

"அண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன?"

"என்னத்தைப் பேசறது?"

"அவங்களா ஓட்டை போட்டாங்க?"

"போடல." அவர் என் கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறி போட்டிருக்குன்னு நான் சொன்னேன் தங்கச்சி. அவ கணக்குன்னு சொன்னா. அவ சொன்னாளேன்னு விட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் அன்னிக்கே படகை நகத்தி வச்சிருப்பேன்."

"அவங்களுக்கும் தெரியாதுண்ணே. அவங்களுக்கு யாருமே சொல்லலை."

"அதான்! அதான் எனக்கு ஆறல." கத்தரிக்கோலை டப்பென்று வைத்தார். "மூணு வருஷம் அந்தக் கருமத்தைப் பிடுங்கினா. உடம்பெல்லாம் தடிச்சுப் போய்ப் படுத்திருப்பா. முதுகுக்கு எண்ணெய் தேச்சு விட்டது நான். அவ்வளவு செஞ்சவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு, அந்த ஆளுங்க. இவளும் அவங்க ஆளு அவங்க ஆளுன்னு திரிஞ்சா. பேச வாயைத் திறந்தா என்ன வருமோன்னுதான் மூடிக்கிட்டிருக்கேன்."

சட்டையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நெட்டையக்கா வந்தாள். எதிர்வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தொப்பி தைச்ச துணி மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"உள்ள பஞ்சு வச்சு, உள்ளங்கை அகலத்துல சின்னச் சின்னதா திண்டு மாதிரி தைச்சுக் குடு. ஒரு பை நிறைய."

"எதுக்குக்கா?"

"நாளைக்கு நீதான் வால். பையை எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகம் போட்டிருந்தது. நல்ல கூட்டம். அதிகாரியம்மா வெள்ளைச் சட்டை, புது நடைச் செருப்பு, எளிமையான மனுஷி. மேனேஜர் அவர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் குடை பிடித்தார். இளவட்டங்கள் கழுத்தில் கேமரா. நெட்டையக்கா பச்சைத் தொப்பியோடு முன்னால் போனாள். பையைச் சுமந்துகொண்டு, முட்டி வலியோடு, நான் கடைசியில் போனேன்.

முதலில் விதிகளை ஒப்பித்தாள், மேனேஜர் குரலில். கூட்டம் சிரித்தது. நாணல் திட்டில் நிறுத்தி, கோழி மாதிரி ஓடி ஒளிகிற ஒரு கறுப்புப் பறவையைக் காட்டினாள். மதகுப் பக்கம் நீர்க்காக்கை தன் குஞ்சைத் திட்டியது. அதிகாரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. இவள் எதையும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

கடைசியாகப் படகு. முன்னால் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். அதிகாரியம்மா வெட்டினார். கைதட்டினார்கள்.

"இப்ப எல்லாருக்கும் ஒரு வேலை" என்றாள் நெட்டையக்கா. "ஆளுக்கு ஒரு செடி தரேன். மண்ணோட ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும். வேர் உதிரக் கூடாது."

படகுக்குள் கையை விட்டு முதல் செடியை வேரோடு எடுத்து அதிகாரியம்மாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டார். கேமராக்கள் சடசடவென்று அடித்தன.

மேனேஜர் அவள் பக்கத்தில் போய்ச் சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார். "இது நிகழ்ச்சியில இல்லையேம்மா."

"நல்லா இருக்கே சார்" என்றார் அதிகாரியம்மா. "எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கற மாதிரி."

அதற்கு மேல் மேனேஜர் என்ன சொல்வார்? அவர் கையிலும் ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. டீச்சர் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒன்று வாங்கினார். வரிசையாக வந்து வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். செடி தீர்ந்ததும் நெட்டையக்கா இளவட்டங்களைக் கூப்பிட்டாள். அவர்கள் கையிலிருந்த செடிகளைப் பெரியவர்கள் கைக்கு மாற்றினாள். படகைச் சாய்த்து மண்ணைக் கொட்டச் சொன்னாள். கொட்டினார்கள். மண் ஊறின பலகை கறுத்துப் போயிருந்தது.

"வாலு, பையைக் கொண்டா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. ஓடிப்போய் ஒவ்வொரு பையன் தோளிலும் ஒரு திண்டு வைத்தேன்.

"தோள் குடுங்க. எல்லாரும் ஒண்ணாத் தூக்கணும். ஏலே, ஒசரமானவங்க பின்னால போங்க. தூக்கு!"

படகு எழுந்தது. "எங்கம்மா, எங்க கொண்டு போறீங்க?" என்று மேனேஜர் கூப்பிட்டார். குரல் கீச்சென்று வந்தது.

"நடை இன்னும் முடியலை சார்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள் நெட்டையக்கா. "முன்னால போறவங்களை முந்தக் கூடாது."

சந்துக்குள் படகு வந்தது. முன்னால் அவள். பின்னால் நீலமும் மஞ்சளுமான படகு. அதற்குப் பின்னால், கை நிறையப் பூச்செடியோடு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கூட்டம். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. களை பிடுங்கின பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி என் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். வாலுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது என்பது விதி. நான் ஒருத்தியையும் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். நான் கடையிலிருந்து இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டேன். அதன் மேல் படகை நிமிர்த்தி வைத்தார்கள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "படகு வந்திருக்கு."

மார்க்கெட் லீவு என்று வீட்டில் இருந்த வலைக்காரர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. படகைச் சுற்றி வந்தார். பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். குனிந்து அடியில் கை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு ஓட்டையிலும் விரல் நின்று நின்று நகர்ந்தது.

"இது யாரோட படகு?" என்று அதிகாரியம்மா கேட்டார். கேள்வி மேனேஜரைப் பார்த்து.

"அது வந்து மேடம்... கைவிட்ட பொருள்னு ஒரு முறை..."

"என்னுது" என்றார் வலைக்காரர்.

கை கழுவ உள்ளே போனார் என்று நினைத்தேன். ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். படகை எப்போது பழுது பார்த்தாலும் அப்படித்தான் செய்வார். உள்ளே தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் பார்ப்பார். குடத்தைப் படகுக்குள் கவிழ்த்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஓட்டைகளில் அடைத்திருந்த மண் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வரிசையாகக் கொட்டியது. மேனேஜர் செருப்பில் சேறு தெறித்தது. பின்னால் நகரப் பார்த்தார். சந்தில் இடமில்லை. இரண்டு கையிலும் செடி.

"சரி பண்ண முடியுமா?" என்று அதிகாரியம்மா மெல்லக் கேட்டார்.

"அடிப்பலகை போச்சு" என்றார் வலைக்காரர். "மத்தது தாங்குமான்னு கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். ஆணி எல்லாம் ஊறிக் கிடக்கு."

தண்ணீர் குறைந்து, சொட்டி, நின்றது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குத் தெரியாம நடந்து போச்சுப்பா. பாத்துட்டோம். கமிட்டியில வச்சுப் பேசறோம். இப்ப... இந்தச் செடியை எங்கேயாவது இறக்கி வைக்கலாமா?"

"நடையில கையில எடுத்ததை வழியில போடக் கூடாது சார்" என்றாள் நெட்டையக்கா. இந்தத் தடவை அவர் குரலில் சொல்லவில்லை. தன் குரலிலேயே சொன்னாள்.

மேனேஜர் செடிகளை மார்போடு அணைத்துக்கொண்டார். ஈர மண் சட்டைக் கைக்குள் ஒழுகியது. கூட்டத்தில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் "பாத்தாச்சு இல்ல, கிளம்பலாமே" என்று முணுமுணுத்தார். சின்னக் குரல்தான். சந்து முழுக்கக் கேட்டது.

வலைக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு, அத்தனை நாளைக்குப் பிறகு, தன் மனைவியைப் பார்த்தார். காலிக் குடத்தை அவள் கையில் கொடுத்தார்.

"இவங்க இன்னும் சரியாப் பாக்கல" என்றார். "இன்னொரு குடம் கொண்டா."